பருந்தைக் கற்க எங்கே தொடங்குவது? மொட்டைமாடி முதல் முதுமலை வரை ஓர் ஒப்பீடு

எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்கு இரைகொல்லிப் பறவைகள் மீது ஆர்வம் வந்திருக்கிறது. செய்தி வீட்டில் பரவியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிவிடலாம் என்றார் அவள் அப்பா. வண்டலூருக்கு அழைத்துப் போனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்றாள் அக்கா. பெரியப்பாவோ, முதுமலைக்குப் போய், செத்த விலங்கைத் தின்னும் பாறுக் கழுகைப் பார்க்காமல் என்ன படிப்பு என்கிறார். இதற்கிடையே அவளுடைய தோழி கைபேசியில் பறவைச் செயலி ஒன்றை நிறுவிக் கொடுத்துவிட்டாள். கடைசியில், "நீங்களே சொல்லுங்கள் மாமா" என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

எல்லாமே நல்ல யோசனைதான் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் கையில் இருப்பது ஒரு மாணவியின் ஞாயிற்றுக்கிழமைகளும் திருச்சியில் வாழும் நடுத்தரக் குடும்பம் ஒன்றின் பணமும். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். இந்தப் பறவைகளைப் பொறுத்தவரை வரிசை மாறினால் ஆர்வமே வடிந்துவிடவும் கூடும். மைனாவையோ மீன்கொத்தியையோ கற்க எப்படித் தொடங்கினாலும் பாதகமில்லை. அவை பத்தடி தூரத்தில் உட்கார்ந்து முகம் காட்டும். பருந்து, கழுகு, வல்லூறு வகையறா அப்படியல்ல. எண்ணிக்கையில் குறைவு, பறப்பது உயரத்தில், வெயிலுக்கு எதிரே பார்த்தால் வெறும் கரிய நிழல். கையேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பழுப்பு நிறப் பறவைகள். ஒரே இனத்தில் இளம் பறவைக்கு ஒரு தோற்றம், வளர்ந்த பறவைக்கு வேறொரு தோற்றம். பெரும்பாலான இனங்களில் பெட்டை ஆணைவிடப் பெரியது. சிலவற்றில் ஒரே வயதுப் பறவைகளே கருநிறத்திலும் வெளிர்நிறத்திலும் இருக்கும். நெடுநாள் அனுபவம் உள்ளவர்களே ஒரு புகைப்படத்தை நடுவில் வைத்துக்கொண்டு இது எந்தக் கழுகு என்று வாதாடுவதைப் பார்க்கலாம். பதின்மூன்று வயதுப் பெண் முதல் வாரத்திலேயே தோற்றுப்போக இதைவிட வசதியான துறை கிடைக்காது.

ஆகவே எல்லா யோசனைகளையும் ஒரே கேள்வியால் அளந்தேன். இன்று அவளுக்கு ஒரு சந்தேகம் எழுந்தால், நாளை அதே பறவையிடம் போய் விடை தேட முடியுமா?

மொட்டைமாடி

இந்த அளவுகோலில் மொட்டைமாடியை வேறு எதுவும் நெருங்க முடியாது. திருச்சி வானத்தில் இரண்டு பருந்துகள் நிச்சயம். இறைச்சிக் கடை, மீன் மார்க்கெட், குப்பைமேடு ஆகியவற்றின் மேல் சுற்றுவது கரும்பருந்து. சிலர் கள்ளப்பருந்து என்பார்கள். காவிரிக்கரையிலும் வாய்க்கால், குளங்களின் பக்கமும் அதிகம் தெரிவது செம்பருந்து, அதாவது நம் வீட்டுப் பெரியவர்களின் கருடன். கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே இது வட்டமிடுகிறதா என்றுதான் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்க்கும். வெள்ளைத் தலை, செங்காவி உடல் என்ற அடையாளம் பாட்டிக்குக் கையேடு இல்லாமலே தெரியும். கண்டதும் கை தானாகக் கன்னத்துக்குப் போகும்.

ஆனால் இளம் செம்பருந்து வெள்ளையும் இல்லை, செங்காவியும் இல்லை. கரும்பருந்தைப் போலவே பழுப்பாக இருக்கும். அதைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. மாணவியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நிறம் கைவிட்ட இடத்தில் வாலைப் பார்க்க வேண்டும். செம்பருந்தின் வால் நுனி வட்டமானது, கரும்பருந்தின் வால் நடுவில் பிளவுபட்டது. அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. திரும்புவதற்காக வாலை விசிறிபோல் விரிக்கும்போது கரும்பருந்தின் பிளவு மறைந்து விளிம்பு நேராகிவிடும். புத்தகத்தில் பிளவுவால் என்று படித்துவிட்டு மாடிக்குப் போன பிள்ளை, ஒரே பறவை பிளவுவாலையும் நேர்வாலையும் மாறி மாறிக் காட்டுவதைப் பார்த்துக் குழம்பி, பிறகு தானே காரணத்தைக் கண்டுபிடிப்பாள். இந்தக் குழப்பம் தொலைக்காட்சியில் கிடைக்காது. பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

பறவை பார்க்க விடியற்காலையில் எழ வேண்டும் என்ற பொதுவான அறிவுரையும் இங்கே செல்லாது. தரை சூடாகி, சூடான காற்று மேலெழத் தொடங்கிய பிறகுதான் பருந்துகள் உயரம் போகும். இறக்கை விரித்தால் ஒன்றரை மீட்டர் அகலம் வரும் கரும்பருந்தின் எடை ஒரு கிலோகூடத் தேறாது. அந்தச் சிறிய உடலை இறக்கை அடிக்காமலே காற்று தூக்கிச் செல்கிறது. ஞாயிறு காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை போதும். வெயில் நாளில் முதல் பருந்து எத்தனை மணிக்கு வட்டமிட ஆரம்பிக்கிறது, மேகமூட்டமான நாளில் எத்தனை மணிக்கு? வட்டமிடும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் இறக்கை அடிக்கிறது? துரத்துவது காகமா, கரிச்சானா, துரத்தப்படும் பருந்து திருப்பித் தாக்குகிறதா? எந்த மாதத்தில் சுள்ளி தூக்கிக்கொண்டு போகிறது? ஒரு நோட்டும் கடிகாரமும் இருந்தால் இவை ஒவ்வொன்றும் பள்ளித் திட்டப்பணிக்குத் தாங்கும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். வட்டமிடும் பறவையைக் கண் தொடரும்போது அது சூரியனைக் கடக்கும். பைனாகுலர் வழியே அப்படிப் பார்த்தால் கண் போய்விடும்.

பருந்துகள் பழகிய பிறகு மூன்றாவதாக வைரி. இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. தெருவில் மரங்கள் இருந்தால் அதுவே வரும், வந்ததை அணில்கள் அறிவிக்கும். தவிட்டுக்குருவிகளும் அணில்களும் ஒரே நேரத்தில் அலறினால் பக்கத்துக் கிளைகளைப் பார்க்க வேண்டும். குட்டையான வட்ட இறக்கை, நீண்ட வால், வேகமான சில அடிகள், ஒரு சறுக்கல் என்று மரங்களுக்கு இடையில் பாய்கிற வேட்டை இது. பருந்தின் சாவகாசம் இதில் கிடையாது. அக்காக்குயில் கிட்டத்தட்ட இதே வேஷத்தில் இருக்கும். ஆனால் அதன் அலகில் கொக்கி இருக்காது. குயிலைப் பார்த்து வைரி என்று எழுதிவிட்டால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம், குருவிகளே அந்த வேஷத்தில் ஏமாறுகின்றன.

மொட்டைமாடிக்குக் குறைகள் உண்டு. பறவையின் வயிற்றுப்புறம்தான் தெரியும். முகம், கால், கூட்டின் உட்புறம் எதுவும் தெரியாது. இனங்களின் எண்ணிக்கையும் சொற்பம். "வெறும் பருந்துதானா?" என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகளும் இருப்பார்கள். தொலைக்காட்சியில் பொன்னாங்கழுகு ஆட்டுக்குட்டியைத் தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, செத்த எலியைக் காகத்திடம் பறிகொடுக்கும் கரும்பருந்து ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்தக் குறைகளை எது நிரப்பும் என்று பார்த்தால் மற்ற யோசனைகளின் இடம் தெளிவாகிறது.

பைனாகுலர், கையேடு, செயலி

இவை மூன்றும் கருவிகள். தொடக்கத்திலேயே வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. பைனாகுலரை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொன்னேன். உருவத்தையும் பறக்கும் விதத்தையும் வைத்து வெறுங்கண்ணாலேயே கற்கக்கூடிய பறவை பருந்து. ஒரு மாதத்துக்குப் பிறகும் அவள் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தால் அப்போது வாங்கலாம். வாங்கும்போது எட்டு மடங்கு உருப்பெருக்கமே போதும். 8x42 என்பது பொதுவான அளவு (இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்); மெலிந்த கைகளுக்கு 8x30 அல்லது 8x32 எடை குறைவாக இருக்கும். கடைக்காரர் பத்து, பன்னிரண்டு, இருபது என்று மேலே மேலே காட்டுவார். உருப்பெருக்கம் கூடக் கூடக் கை நடுக்கமும் கூடும், தெரியும் பரப்பும் சுருங்கும், பறந்துகொண்டிருக்கும் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிக்கவே முடியாமல் போகும்.

கையேட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பறக்கும் பறவையைக் கீழிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்ற படங்கள் உள்ளனவா? கிளையில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் புகைப்படங்கள் மட்டும் நிறைந்த புத்தகம் இந்தப் பறவைகளுக்கு உதவாது. இந்த ஒரு விஷயத்தில் புகைப்படத்தைவிட ஓவியம் மேல். ஓவியர் எல்லா இனங்களையும் ஒரே கோணத்தில் அடுத்தடுத்து வரைந்திருப்பார். கூர்மையான இறக்கை வல்லூறுக்கு, அகன்று நுனியில் விரல்போலப் பிரிந்த இறக்கை கழுகுக்கு, இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து வயலை ஒட்டித் தாழப் பறந்தால் பூனைப்பருந்து என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

செயலி விஷயத்தில் எனக்குச் சற்றே கடுமையான கருத்து உண்டு. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டே பறவையைச் சொல்லும். சின்னக் குருவிகளுக்கு அது அற்புதம். இரைகொல்லிகளோ பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. வைரி, செம்பருந்து போன்றவை கத்தும்போது மட்டும் பயன்படும். புகைப்படம் கொடுத்துக் கேட்டால், வெயிலுக்கு எதிரே எடுத்த கரிய நிழலை வைத்துக்கொண்டு அது துணிச்சலாக ஏதோ ஒரு பெயரைச் சொல்லும். அதைவிடப் பெரிய நஷ்டம், பிள்ளை வாலைப் பார்ப்பதற்கு முன்பே பெயர் வந்து விழுந்துவிடும். பெயர் கிடைத்தவுடன் பார்ப்பது நின்றுவிடுகிறது.

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதியும், அதே ஆய்வகத்தின் இபேர்டு தளம் வேறு கதை. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் பறவை எந்த மாதத்தில் எவ்வளவு அடிக்கடி பதிவாகியிருக்கிறது என்ற பட்டை வரைபடம் கிடைக்கும். சேற்றுப் பூனைப்பருந்தும் மீன் பிடித்துத் தின்னும் விரால் அடிப்பானும் வலசைக் காலத்தில் தடித்த பட்டையாக எழுந்து கோடையில் தேய்வதை அவளே படித்துக்கொள்ளலாம். 'மே மாதத்தில் பூனைப்பருந்து பார்த்தேன்' என்று எழுதுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கவும் பழகுவாள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அவளும் பட்டியல் அனுப்பலாம். அந்தப் பருவத்தில் வலசை வந்த பறவைகளும் இங்கே இருக்கும்.

அடுத்தவர் ஊர்க் கூடு

மாடியிலிருந்து ஒருபோதும் தெரியாதது கூட்டின் உட்புறம். அதை நிரப்புவது நேரலைக் கேமரா. இதே கார்னெல் ஆய்வகம் நியூயார்க் மாநிலத்தின் இத்தாகாவில், விளையாட்டுத் திடலின் விளக்குக் கம்பத்தில் உள்ள செவ்வால் பருந்துக் கூட்டை 2012 முதல் காட்டிவருகிறது. அங்குள்ள பெட்டைக்கு பிக் ரெட் என்று பெயர். 2003-இல் காலில் வளையம் மாட்டப்பட்ட பறவை அது. அயோவா மாநிலத்தின் டெக்கோராவில் வெண்தலைக் கழுகுக் கூடும் இப்படிப் பல ஆண்டுகளாகக் காட்டப்பட்டிருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி தற்செயலாக அமைந்திருக்கிறது. செவ்வால் பருந்து மார்ச் கடைசியில் முட்டையிடும், ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ குஞ்சு பொரிக்கும், ஜூன் பாதியில் குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்கும். ஏறக்குறைய நம்முடைய கோடை விடுமுறை. வெயிலுக்கு மாடியில் கால் வைக்க முடியாத அந்த மே மாதத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கலாம். நேர வித்தியாசமும் சாதகம்தான். அந்தப் பருவத்தில் இத்தாகா நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே காலை ஆறு மணி என்றால் இங்கே மாலை மூன்றரை. குஞ்சுகளுக்குக் காலை உணவு வரும் வேளையில் இவள் மாலைச் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

எந்த இரை எத்தனை முறை வருகிறது, மூத்த குஞ்சு எவ்வளவு பறித்துக்கொள்கிறது, ஆண் கொண்டுவந்து போடுவதைப் பெட்டை எப்படிக் கிழித்து ஊட்டுகிறது என்று கணக்கு வைக்கலாம். நாளைக்கும் அதே பறவைதான். என் அளவுகோலில் இது மாடிக்கு அடுத்த இடம், சில கேள்விகளுக்கு மாடியைவிட மேல். இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். கேமரா எதையும் மறைக்காது. குஞ்சு சாவதும் உண்டு, உயிருள்ள இரை கூட்டில் வந்து விழுவதும் உண்டு. மென்மையான மனமுள்ள பிள்ளை என்றால் முதல் சில நாள்கள் பெரியவர் யாராவது உடன் இருக்க வேண்டும். அடுத்தது, செவ்வால் பருந்து நம் நாட்டில் இல்லாத பறவை. கேமராவை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை இத்தாகாவின் பருந்தை நன்றாக அறிந்திருப்பாள், தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்காரும் பறவையின் பெயர் தெரியாமல் இருப்பாள். அதனால்தான் மாடி முதலில்.

கண்ணாடிப் பெட்டியா, கூண்டா, ஆந்தை கக்கியதா?

அலகையும் நகத்தையும் அருகில் பார்க்க மூன்று வழிகள். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. அங்கே பாடம் செய்யப்பட்ட பறவைகள் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. மாவட்ட அருங்காட்சியகங்கள் சிலவற்றிலும் இப்படிச் சில மாதிரிகள் இருக்கும். நிறம் மங்கி, கண் இருக்க வேண்டிய இடத்தில் கோலிக்குண்டு வைத்து, பார்க்கப் பரிதாபமாக இருக்கலாம். ஆனால் செத்த பறவை பறந்துபோகாது, நிதானமாக வரையலாம். விரால் அடிப்பானின் கால் விரலடி ஏன் சொரசொரப்பாக இருக்கிறது, வல்லூறின் மேல் அலகில் பல்போல ஒரு முனை ஏன் நீட்டியிருக்கிறது, பாறுக் கழுகின் கால் நகம் ஏன் அவ்வளவு மழுங்கல் என்று கேட்க இதுதான் இடம். முதலாவது வழுக்கும் மீனைப் பிடிக்க, இரண்டாவது இரையின் கழுத்தெலும்பை நெரிக்க. மூன்றாவது, கொல்லாமல் செத்ததைத் தின்னும் பறவைக்குக் கூரிய நகத்தால் என்ன வேலை?

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்லிக் கொடுக்கலாம். வல்லூறும் பருந்தும் நெருங்கிய உறவு என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். அலகும் நகமும் அப்படி. 2008-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, வல்லூறுகள் பருந்துகளைவிடக் கிளிகளுக்கும் பாடும் குருவிகளுக்கும் நெருக்கமானவை என்று காட்டியது. ஒரே தொழில் செய்ததால் ஒரே ஆயுதம் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வண்டலூர் உயிரியல் பூங்காவை நான் கடைசிக்குத் தள்ளினேன், அக்காவுக்கு அதில் வருத்தம். குடும்பத்தோடு ஒரு நாள் கழிக்க நல்ல இடம், சந்தேகமில்லை (செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், மூடியிருக்கும்). உயிருள்ள பறவையின் பருமனும் கண்ணின் கூர்மையும் அங்கே தெரியும். ஆனால் இரைகொல்லியின் கதை முழுவதும் பறத்தலிலும் வேட்டையிலும் இருக்கிறது. கூண்டில் இரண்டும் நடக்காது. திருச்சியிலிருந்து போய்வரும் செலவுக்குக் கிடைப்பது ஒரு பெயர்ப் பலகையும் உறங்கும் ஆந்தையும் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்னையிலேயே இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டில் யாருக்கும் பிடிக்காதது. கூகை என்னும் ஆந்தை இரையை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிப்போடும். பழைய கோயில் கோபுரங்கள், கிடங்குகள், பாழடைந்த கட்டடங்களின் அடியில் இவை கிடக்கும். பகலில் வேட்டையாடும் பருந்து வகைகளும் கக்குகின்றன, ஆனால் அவற்றின் வயிற்று அமிலம் எலும்பைப் பெரிதும் கரைத்துவிடும். கூகையின் உருண்டையில்தான் மண்டையோடு முழுதாகக் கிடைக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கிருமிநாசினி கலந்த வெந்நீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிரிக்க வேண்டும். உலர்ந்தபடி உடைத்தால் தூசி பறக்கும், அது கூடாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அது எலி. இடைவெளியில்லாமல் பற்கள் வரிசையாக இருந்தால் மூஞ்சூறு. பத்து உருண்டைகளைப் பிரித்து, மண்டையோடுகளைக் கறுப்பு அட்டையில் ஒட்டி எண்ணினால், வயலில் விவசாயிகள் ஏன் பறவைத் தாங்கிகளை நட்டுவைக்கிறார்கள் என்று விளக்கவே தேவையில்லை. பள்ளியில் அறிவியல் ஆசிரியர் துணையோடு செய்வது உத்தமம். சமையலறையில் செய்வது குடும்ப அமைதிக்குக் கேடு.

பாறு எப்போது?

பெரியப்பாவின் முதுமலை யோசனையை மறுக்க மனம் வரவில்லை, ஆனால் ஒத்திவைக்கச் சொன்னேன். தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகளுக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கு. வெண்முதுகுப் பாறுகள் ஆற்றோர நீர்மருத மரங்களில் கூடு கட்டுகின்றன. அந்தக் கூடுகளின் பக்கம் சுற்றுலாப் பயணிகள் போக முடியாது, போகவும் கூடாது. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வாகனத்தில் சுற்றினால் வானத்தில் ஒன்றிரண்டு தெரியலாம், தெரியாமலும் போகலாம். இவ்வளவு தூரம் வந்து எதுவும் தெரியாமல் திரும்பும்போது தாங்கிக்கொள்ள, பிள்ளைக்கு ஏற்கெனவே இந்தப் பறவைகள் மீது பிடிப்பு இருக்க வேண்டும். முதல் பயணமாக இது ஆபத்து. கரும்பருந்தின் வால் பிளவை அறிந்தவளுக்கு, அதைவிடப் பல மடங்கு பெரிய, குட்டை வாலுள்ள பாறு உயரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தாலும் வித்தியாசம் புரியும். அறியாதவளுக்கு அது இன்னொரு புள்ளி.

போவதற்கு முன் படிக்க வேண்டியது வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. வலி நிவாரணக் களிம்பின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் டைக்ளோஃபினாக் என்று இருக்கும். அந்த மருந்து செலுத்தப்பட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறு சிறுநீரகம் செயலிழந்து சாகிறது என்பதை 2004-இல் வெளியான ஆய்வு நிறுவியது. 1990-களின் தொடக்கத்தில் எங்கும் இருந்த வெண்முதுகுப் பாறு, பதினைந்தே ஆண்டுகளில் இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துபோயிருந்தது. கால்நடைகளுக்கு இந்த மருந்தைக் கொடுப்பது 2006-இல் தடை செய்யப்பட்டது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்வதில்லை. தமிழ்ப் பாடத்தில் பாலைத் திணையின் கருப்பொருளாகப் பருந்து, எருவை, கழுகு என்று மனப்பாடம் செய்திருப்பாள். அந்தப் பட்டியலில் இருப்பவை நம் ஊரைவிட்டு எப்படிப் போயின என்று அறிவியல் பாடம் சொல்லும். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைப் படையலுக்கு இறங்கி வந்த மஞ்சள்முகப் பாறுகள் 1990-களுக்குப் பிறகு வருவதில்லை; பாட்டி அதைப் பார்த்திருப்பாள், கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயணமே வேண்டாம், வரைபடம் போதும் என்கிற வகைப் பிள்ளைகளுக்கு அமூர் வல்லூறு. நாகாலாந்தின் பாங்டி கிராமத்தில் 2012-இல் இவை ஆயிரக்கணக்கில் வலைவைத்துப் பிடிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே ஊர்க்காரர்கள் வேட்டையைக் கைவிட்டார்கள். 2013-இல் மூன்று பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்டு, அவற்றுக்கு நாகா, பாங்டி, வோக்கா என்று பெயர் வைத்தார்கள். கிழக்காசியாவில் பிறந்து, இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலை நிற்காமல் தாண்டி, ஆப்பிரிக்காவின் தெற்குக்குப் போகும் அந்தப் பாதையை அட்லஸில் வரைவது ஒரு மழைக்கால மாலைக்கு நல்ல வேலை.

யாருக்கு எது மாறும்?

என் அக்கா மகளுக்குச் சொன்ன வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. கிராமத்தில் வயல் அருகே இருப்பவர்களுக்கு மாடியைவிட வரப்பு மேல்; மின்கம்பியில் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தரத்தில் இறக்கையடித்து நின்றபடி கீழே பார்க்கும் கருந்தோள் பருந்து அங்கே கிடைக்கும், கூகையும் பக்கத்திலேயே இருக்கும். சென்னையில் தென்பகுதியில் இருந்தால் குளிர்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். பூனைப்பருந்து தாழப் பறந்ததும் வாத்துக்கூட்டம் மொத்தமாகக் கிளம்புவதைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பருந்துகள் கைக்கெட்டும் உயரத்தில் பறக்கும், மீன் வாடை மட்டும் பழக வேண்டும். அடுக்குமாடியில் மாடிக் கதவைப் பூட்டி வைத்திருப்பார்கள் என்றால் நேரலைக் கூட்டிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. பார்வையில் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மெர்லினின் குரல் வசதியும் ஆந்தைகளும் நல்ல தொடக்கம். புள்ளி ஆந்தை மாலையில் வாய் ஓயாது.

ஒரு யோசனையை மட்டும் பட்டியலிலிருந்தே அடித்துவிட வேண்டும். பருந்துக் குஞ்சு ஒன்றை எடுத்து வளர்த்தால் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளலாமே என்று எந்தப் பிள்ளையும் ஒருநாள் கேட்கும், சில மாமாக்கள் எடுத்தும் கொடுப்பார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மனிதன் ஊட்டி வளர்த்த பருந்துக்கு வேட்டையாடவும் தெரியாது. இறகு முளைத்த குஞ்சு மரத்தடியில் நின்றால் பெரும்பாலும் அது பறக்கப் பழகுகிறது, பெற்றோர் அருகிலேயே இருப்பார்கள்; நாயையும் பூனையையும் விரட்டிவிட்டுத் தள்ளி நிற்பதே உதவி. மாஞ்சா நூல் அறுத்தோ மின்கம்பியில் அடிபட்டோ கிடந்தால், தடித்த துண்டைப் போட்டு மூடி, காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். தண்ணீரோ பாலோ வாயில் ஊற்றக் கூடாது. அலகைவிட நகத்துக்குத்தான் பயப்பட வேண்டும். கூடு இருக்கும் மரத்துக்குப் பக்கத்து மாடியில் குஞ்சு வளரும் மாதங்களில் துணி காயப்போடப் போகிறவர்கள் குடை எடுத்துக்கொண்டு போவது நல்லது. தாய்ப்பருந்து பெரும்பாலும் பின்னாலிருந்துதான் தாக்க வரும்.